டேங்க்ல 200 பார்... குண்டுக்குப் பின்னால எவ்வளவு? ஏர் ரைஃபிள் ரெகுலேட்டர் சொல்லும் கணக்கு!

2022 ஜூலை மாசம் திருச்சி கே.கே.நகர் பக்கம் போனவங்களுக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கும். 47-வது மாநில துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு அஜித் வந்திருக்கார்னு செய்தி பரவினதும், ரைஃபிள் கிளப் வாசல்ல ரசிகர்கள் குவிஞ்சுட்டாங்க. அவருடைய அணி 4 தங்கம், 2 வெண்கலம் வாங்கிட்டுப் போச்சு. அவர் சுட்டது பிஸ்டல். ஆனா அந்த வீடியோக்களைப் பார்த்துட்டு, `நாமளும் கத்துக்கிட்டா என்ன?'னு லால்குடியில உட்கார்ந்து யோசிச்ச ஆளா நீங்க? அப்படின்னா உங்க கையில முதல்ல வரப்போறது பெரும்பாலும் ஏர் ரைஃபிள்தான். 10 மீட்டர் தூரம், 4.5 மி.மீ பெல்லட், வெடிமருந்து கிடையாது. வேலை செய்யறது வெறும் காத்து.

அந்த ரைஃபிளை முதன்முதலா கையில வாங்கும்போது ஒண்ணைக் கவனிப்பீங்க. குழலுக்குக் கீழே நீளமா ஒரு சிலிண்டர். அதோட முனையில சின்னதா ஒரு மீட்டர். முள் 200-ல நிக்கும். `200 என்ன?'னு கேட்டா `பார்'னு சொல்வாங்க. டீம் அவுட்டிங்ல எங்கேயாவது ரிசார்ட்டுக்குப் போய் பெயின்ட்பால் ஆடியிருந்தா, அங்கேயும் துப்பாக்கிக்குப் பின்னாடி தோள்ல முட்டுற மாதிரி ஒரு டேங்க் இருந்திருக்கும். அதுல 3,000 பிஎஸ்ஐ, 4,500 பிஎஸ்ஐன்னு எழுதியிருக்கும். ரெண்டும் ஒரே சங்கதிதான். 1 பார்ங்கறது சுமாரா 14.5 பிஎஸ்ஐ. அப்போ 200 பார் கிட்டத்தட்ட 2,900 பிஎஸ்ஐ.

இந்த நம்பர் எவ்வளவு பெருசுன்னு மனசுல ஏத்திக்கணும்னா, பைக் டயருக்கு நீங்க அடிக்கற காத்து 30 பிஎஸ்ஐ பக்கம்தான். அதாவது 2 பார். 1 பார்னா ஒரு சதுர சென்டிமீட்டர் மேல சுமார் 1 கிலோ எடை. உங்க கட்டைவிரல் நகம் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். 200 பார்னா அந்த நகத்து மேல 25 கிலோ அரிசி மூட்டையை எட்டு அடுக்கி வெச்ச மாதிரி. அந்தச் சிலிண்டரைக் கன்னத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் நீங்க குறி பார்க்கறீங்க.

இங்கேதான் புதுசா வர்ற எல்லாரும் ஒரே தப்பு பண்றாங்க. மீட்டர்ல 200 காட்டுனா துப்பாக்கி `ஃபுல் பவர்'ல இருக்கு, 120 காட்டுனா பவர் குறைஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கறாங்க. அது அப்படி இல்லை. சிலிண்டர்ல இருக்கற 200 பார், பெல்லட்டை நேரடியாத் தொடறதே கிடையாது. நடுவுல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். ரெகுலேட்டர்.

மொட்டை மாடி டேங்க்கும் மிதக்கும் பந்தும்

ரெகுலேட்டர்னா உங்களுக்குப் புதுசா? வீட்டு அடுப்படியில தினமும் அதைத் திருப்பிட்டுதானே காபி போடறீங்க. கேஸ் சிலிண்டருக்குள்ள சில பார் அழுத்தம் இருக்கும். அதை அப்படியே அடுப்புக்கு விட்டா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். ரெகுலேட்டர் அதைச் சுமார் 0.03 பாருக்கு இறக்கிக் குடுக்குது. சிலிண்டர் இன்னிக்கு வந்ததா இருந்தாலும் சரி, தீரப்போற சமயமா இருந்தாலும் சரி, அடுப்புல தீ ஒரே மாதிரி எரியறதுக்கு அதுதான் காரணம்.

உள்ளே எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கு இன்னும் நல்ல உதாரணம், மொட்டை மாடி தண்ணி டேங்க்ல இருக்கற பால் வால்வு. தண்ணி ஏற ஏற மிதக்கற பந்தும் மேலே வரும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் குழாயை அடைச்சிடும். கீழே யாராவது குழாயைத் திறந்தா மட்டம் இறங்கும், பந்து இறங்கும், வால்வு திறந்து மறுபடி நிரம்பும். வர்ற தண்ணி வேகமா வந்தாலும் மெதுவா வந்தாலும் டேங்க்ல நிக்கற மட்டம் ஒண்ணுதான். அதை முடிவு பண்றது அந்தப் பந்தோட கை.

துப்பாக்கி ரெகுலேட்டர்ல பந்துக்குப் பதிலா ஒரு பிஸ்டன். தண்ணியோட மட்டத்துக்குப் பதிலா காத்தோட அழுத்தம். பிஸ்டனை ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளிக்கிட்டே இருக்கும். பல ரெகுலேட்டர்கள்ல ஸ்பிரிங்குக்குப் பதிலா தட்டு மாதிரி குழிஞ்ச வாஷர்களை அடுக்கியிருப்பாங்க. அந்தத் தள்ளல்ல வழி திறந்திருக்கும். சிலிண்டர் காத்து உள்ளே வந்து ஒரு சின்ன அறையை நிரப்பும். அறையில அழுத்தம் ஏற ஏற, அது பிஸ்டனை எதிர்ப்பக்கமாத் தள்ளும். ரெண்டு பக்கத்துத் தள்ளலும் சமமாகுற இடத்துல பிஸ்டன் போய் அடைப்பு மேல உட்கார்ந்திடும். வழி மூடிடுச்சு. நீங்க ட்ரிகரை இழுத்தா அந்த அறையில இருக்கற காத்துதான் பெல்லட்டைத் தள்ளும். அழுத்தம் விழுந்ததும் ஸ்பிரிங் ஜெயிக்கும், வழி திறக்கும், அறை மறுபடி நிரம்பும்.

அதனால பெல்லட்டுக்குக் கிடைக்கிற அழுத்தத்தை முடிவு பண்றது அந்த ஸ்பிரிங். மீட்டர்ல இருக்கற 200-ஓ 150-ஓ முடிவு பண்றது, இன்னும் எத்தனை ஷாட் மிச்சம் இருக்குங்கறதை மட்டும்தான். பைக்ல பெட்ரோல் முள் மாதிரின்னு வெச்சுக்கங்க. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கறதால வண்டி வேகமா ஓடாதே!

பெயின்ட்பால்ல இதே வேலை ரெண்டு படியா நடக்கும். டேங்க் வாயிலேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். 4,500 பிஎஸ்ஐயை அது 800 பிஎஸ்ஐ பக்கம் இறக்கும். அப்புறம் துப்பாக்கிக்குள்ள இன்னொரு ரெகுலேட்டர், அதை இன்னும் கீழே கொண்டுவரும். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் துப்பாக்கிக்கு `மார்க்கர்'னு பேர் வந்ததே ஒரு நல்ல கதை. அமெரிக்காவுல வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்துல இருந்து பெயின்ட் அடையாளம் போடற கருவியா இருந்தது அது. 1981 ஜூன்ல நியூ ஹாம்ப்ஷயர்ல 12 பேர் அதை எடுத்துட்டுக் காட்டுக்குள்ள இறங்கி விளையாடினதுதான் முதல் ஆட்டம். ஜெயிச்சவர் ஒரு குண்டுகூடச் சுடலையாம்!

அரை மில்லி மீட்டர் பிரச்னை

`சரி பாஸ், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன?' அதானே கேக்கறீங்க? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டோட நடுப்புள்ளி, அதாவது 10-ங்கற எண்ணுக்கான இடம், அரை மி.மீ விட்டம்தான். பேனா முனையில வெச்ச புள்ளி. அதைச் சுத்தி ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ தள்ளித் தள்ளி இருக்கும். பெரிய போட்டிகள்ல 10.9 வரைக்கும் தசமத்துல மார்க். அதாவது ஒவ்வொரு கால் மி.மீ விலகலுக்கும் 0.1 காலி.

போட்டி ரைஃபிள்ல பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்துல போகும். 10 மீட்டரைக் கடக்கறதுக்குள்ள புவியீர்ப்பு அதை 17 மி.மீ கீழே இழுத்திடும். அது பரவாயில்லை, சைட்டை அதுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணியிருப்பீங்க. ஆனா ஒரு ஷாட் மட்டும் 165 மீட்டர் வேகத்துல போனா? 18 மி.மீ இறங்கும். ஒரு மி.மீ வித்தியாசம். நீங்க மூச்சை அடக்கி, இதயத்துடிப்புக்கு நடுவுல பார்த்துப் பார்த்துச் சுட்ட 10.9, 10.5 ஆகிடும். தப்பு உங்க கையில இல்லை, உங்க கண்ணுலயும் இல்லை. ஆனா மார்க் போறது உங்க பேர்ல.

0.4 தானேன்னு தோணுதா? பாரிஸ் ஒலிம்பிக்ல, 2024-ல, பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றைப் பாருங்க. மொத்தம் 60 ஷாட். ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து 5-வதா வந்து ஃபைனலுக்குப் போனாங்க. கடலூர்ல பிறந்த நம்ம இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து 10-வது இடம். ஃபைனலுக்கு 8 பேர்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல 60 ஷாட்லயும் சேர்த்து 0.8. மேலே பார்த்த மாதிரி ரெண்டே ரெண்டு ஷாட் வேகம் தப்பினா அவ்வளவு போயிடும். (இளவேனிலுக்கு அன்னிக்கு ரெகுலேட்டர் பிரச்னைன்னு சொல்ல வரலை. இந்த விளையாட்டுல வித்தியாசம் எவ்வளவு மெல்லிசுங்கறதுக்குத்தான் சொல்றேன்.)

அதனால இந்த ரைஃபிளுக்கு அதிக அழுத்தம் தேவையே இல்லை. முதல் ஷாட்டுக்கும் அறுபதாவது ஷாட்டுக்கும் ஒரே அழுத்தம்தான் தேவை. லால்குடிக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லைன்னு நினைக்கறேன். ஜெயராமன் ஊராச்சே! வில்லை அழுத்திப் பிடிச்சா சத்தம்தான் வரும், ஒரே சீரா இழுத்தாதான் வயலின் பாடும்.

இன்னொரு சுவாரஸ்யம். அழுத்தம் கூடினா வேகம் கூடியே ஆகணும்னும் இல்லை. ரெகுலேட்டர் இல்லாத பழைய மாடல் காத்துத் துப்பாக்கிகள்ல, சிலிண்டர் முழுசா நிரம்பியிருக்கும்போது முதல் சில ஷாட் மெதுவாவே போகும். ஏன்னா உள்ளே இருக்கற அதிக அழுத்தமே வால்வை இறுக்கி மூடி வெச்சிருக்கும். சுத்தி வந்து தட்டினாலும் வால்வு கொஞ்சம்தான் திறக்கும். அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, ஒரு உச்சம் தொட்டு, திரும்ப இறங்கும். ரெகுலேட்டர் வந்தப்புறம்தான் இந்த மலை ஏறி இறங்குற கதை முடிஞ்சுது. அதனால `ரெகுலேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் வெச்சா பவர் ஏறும்டா'ன்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்திடுங்க.

ரெகுலேட்டர் மக்கர் பண்ணுதுன்னு எப்படித் தெரியும்?

வழக்கமா வர்ற கோளாறு, அழுத்தம் மெல்ல மெல்லக் கசிஞ்சு ஏறுறது. பிஸ்டன் போய் உட்கார்ற இடத்துல ஒரு தூசு, ஒரு சின்னக் கீறல் இருந்தாப் போதும். வழி முழுசா மூடாது. நீங்க அடுத்தடுத்து சுடும்போது எதுவும் தெரியாது. தண்ணி குடிச்சிட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்து சுட்டா, அந்த ஷாட் மட்டும் இடம் மாறி விழும். போட்டியில 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். நிதானமாச் சுடற ஆட்டம், அதனால இந்தக் கோளாறு நம்ம ஆட்டத்தைத்தான் அதிகமாக் கடிக்கும். நீங்க பாட்டுக்கு `இடைவெளி விட்டா எனக்கு கான்சன்ட்ரேஷன் போயிடுது'ன்னு உங்களையே திட்டிக்கிட்டு இருப்பீங்க.

பெயின்ட்பால்ல நேர் எதிர்ச் சிக்கல். விநாடிக்குப் பல குண்டு. அறை மறுபடி நிரம்பறதுக்குள்ள அடுத்த ஷாட் போயிடும். ரெகுலேட்டர் சோம்பேறியா இருந்தா குண்டுகள் கிட்டக் கிட்டவே விழ ஆரம்பிக்கும்.

மூணாவது, கோளாறே கிடையாது, கவனக்குறைவு. சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிட்டா, ரெகுலேட்டர் பாவம் என்ன பண்ணும்? இல்லாததை அதால குடுக்க முடியாது. ஒவ்வொரு ஷாட்டும் முன்னதைவிடக் கீழே போகும். பல போட்டி ரைஃபிள்கள்ல 70, 80 பார் பக்கம் முள் வந்தாலே நிரப்பிடச் சொல்வாங்க. உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும், பார்த்துக்கங்க.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, பெல்லட் வேகத்தை அளக்கற க்ரோனோகிராஃப். உங்க கோச்கிட்டயோ கிளப்லயோ கேட்டுப் பாருங்க. 20 ஷாட் சுட்டு, வேகத்தை நோட்ல எழுதுங்க. அதுல நாலஞ்சு ஷாட்டுக்கு முன்னாடி வேணும்னே மூணு நிமிஷம் காத்திருங்க. எல்லாம் ரெண்டு, மூணு மீட்டர் வித்தியாசத்துக்குள்ள இருந்தா ரெகுலேட்டர் தங்கம். காத்திருந்து சுட்டது மட்டும் தனியா நின்னா, விவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட சர்வீஸுக்குக் குடுக்கணும். நீங்களே ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு உட்காராதீங்க ப்ளீஸ்.

பெயின்ட்பால்ல க்ரோனோகிராஃப் மார்க்குக்காக இல்லை, கண்ணுக்காக. மைதானத்துல பொதுவா விநாடிக்கு 300 அடிக்கு மேல வேகம் கூடாதுன்னு வெச்சிருப்பாங்க. வேகம் 10 சதவிகிதம் ஏறினா, குண்டு சுமக்குற ஆற்றல் 21 சதவிகிதம் ஏறும். உங்களுக்கு முன்னாடி அந்த மார்க்கரை வாங்கினவர் எதைத் திருகி வெச்சார்னு உங்களுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னாடி வேகத்தை அளக்காத இடத்துல விளையாடாதீங்க. செல்ஃபிக்காகக்கூட மாஸ்க்கைக் கழட்டாதீங்க.

வெல்டிங் பட்டறைப் பக்கம் போயிடாதீங்க

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு 200 பார் காத்துக்கு எங்கே போறது? பஞ்சர் கடை கம்ப்ரஸர் 8, 10 பாரோட நின்னுடும். அதால ஆகாது. அப்போ உங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் கண்டிப்பா ஐடியா குடுப்பான். `வெல்டிங் பட்டறையில கறுப்பு சிலிண்டர் இருக்குடா. அதுல 150 பார் இருக்கும். ஒரு அடாப்டர் போட்டா நிரம்பிடும்!'

அந்தக் கறுப்பு சிலிண்டர்ல இருக்கறது ஆக்ஸிஜன். உயர் அழுத்த ஆக்ஸிஜன் ஒரு துளி எண்ணெய், கிரீஸ், ஏன் ரப்பர் வளையத்தைத் தொட்டாக்கூடத் தீப்பிடிச்சு வெடிக்கலாம். துப்பாக்கிக்குள்ள எண்ணெயும் இருக்கு, ரப்பர் வளையமும் இருக்கு. வெடிக்கும்போது அது உங்க கன்னத்துக்கும் கைக்கும் நடுவுல இருக்கும். இதுல `ஒரு தடவை மட்டும்'ங்கற பேச்சே கிடையாது. சாதாரணக் காத்தா இருந்தாலும்கூட, வாய்ப் பகுதியில மெஷின் ஆயில் போடாதீங்க. காத்து திடீர்னு அழுந்தும்போது வர்ற சூட்டுலேயே எண்ணெய் பத்திக்கும். டீசல் இன்ஜின் ஓடறதே அந்த வித்தையிலதானே! மேனுவல் சொல்ற சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

சரியான வழி, கிளப்ல இருக்கற கம்ப்ரஸர், இல்லைன்னா ஸ்கூபா டைவிங்குக்குப் பயன்படுத்தற மாதிரி பெரிய காத்து சிலிண்டர். கைப்பம்ப்பும் இருக்கு, ஜிம்முக்குப் போற செலவு மிச்சம்! ஆனா நம்ம ஊர் ஈரக்காத்துல அதோட ஃபில்டரைக் கவனிக்கலைன்னா, தண்ணி உள்ளே போய் ரெகுலேட்டரை அரிச்சிடும். எதுல நிரப்பினாலும் மெதுவா நிரப்புங்க. வேகமா நிரப்பினா சிலிண்டர் சூடாகி 200 காட்டும். சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா 188-ல நிக்கும். லீக் இல்லை அது, ஆறிப்போச்சு, அவ்வளவுதான். இதையே திருப்பிப் போட்டும் யோசிங்க. ஏசி ரூம்ல 200-க்கு நிரப்பின சிலிண்டரை மே மாசத்துத் திருச்சி வெயில்ல காருக்குள்ள விட்டுட்டுப் போனா 220-ஐத் தாண்டும்.

பழைய மாடல்கள்ல காத்துக்குப் பதிலா கார்பன் டை ஆக்ஸைடு இருந்துச்சு. அது இன்னும் மோசம். 20 டிகிரியில 57 பார், 30 டிகிரியில 72 பார்னு வெயிலோட சேர்ந்து ஏறும். தொடர்ந்து சுட்டா சிலிண்டர் குளிர்ந்து இறங்கும். போட்டிக்காரங்க அதைக் கைகழுவிட்டுக் காத்துக்கு வந்ததுல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆச்சர்யமே இருக்காது.

பெயின்ட்பால் டேங்க் ரெகுலேட்டர்ல பர்ஸ்ட் டிஸ்க்னு ஒரு மெல்லிய தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினா அது கிழிஞ்சு `புஸ்ஸ்'னு காத்து வெளியேறிடும். குக்கர் சேஃப்டி வால்வோட அண்ணன். அது போயிடுச்சுன்னா அதே அளவு புதுசு போடணும். தடிமனா வேற எதையோ வெச்சு அடைக்கறது, ஃபியூஸ் போன இடத்துல கம்பியைச் சுத்தற வேலை.

சட்டமும் இதுக்குள்ள வருது. 2016 ஆயுத விதிகள்படி, 0.177 அங்குலத்தைத் தாண்டாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிள் 7, 8 ஜூல்லதான் இருக்கும், கவலையில்லை. ஆனா கடையில விக்கற வேற சில மாடல்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலேயே நிக்கும். ரெகுலேட்டரைத் திருகி பவர் ஏத்தினா, லைசென்ஸ் வேண்டாத பொருள் லைசென்ஸ் வேண்டிய பொருளா மாறிடும். வயல்ல நிக்கற கொக்கைக் குறி பார்த்தா, அது வனவிலங்குச் சட்டத்துல தனி கேஸ்.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் வாங்கப் போறவங்களுக்கு. புதுசு லட்சங்கள்ல போறதால நிறைய பேர் பழசைத்தான் தேடறாங்க. எல்லாரும் குழலைப் பார்ப்பாங்க, சைட்டைப் பார்ப்பாங்க. நீங்க முதல்ல சிலிண்டரைத் திருப்பிப் பாருங்க. அது மேல தேதி பொறிச்சிருக்கும். பல தயாரிப்பாளர்கள் 10 வருஷம்தான் ஆயுள்னு சொல்றாங்க. தேதி தாண்டின சிலிண்டரோட போட்டிக்குப் போகாம இருக்கறது வீரரோட பொறுப்புன்னு சர்வதேச விதியே சொல்லுது, செக்கிங்ல மாட்டவும் வாய்ப்பு இருக்கு. `இன்னும் காத்து நிக்குது தம்பி, ஒண்ணும் ஆகாது'ன்னு விக்கறவர் சொல்வார். அப்போ புது சிலிண்டரோட விலையைக் கழிச்சுட்டுப் பேரம் பேசுங்க.